இருபத்து மூன்று கிலோ

ருவரி தராசைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.
பெட்டியின் கைப்பிடியில் கொக்கி.
எண் ஏறி, இறங்கி, முப்பத்தொன்றில் நிற்கிறது.
“எட்டு கிலோ பாவம், லுசுங்கு” என்கிறான்.
கடலடி எண்ணெய் படிக்கிறவன்,
கோயிலுக்குள் கடைசியாய்ப் போனது அத்தை கல்யாணத்துக்கு.
கூடுதல் கிலோ ஒவ்வொன்றுக்கும்
விமானக் கம்பெனி கேட்பது
எங்கள் ஊரில் ஒரு மூட்டை உரம்.

அபர்தீனில் நான்கு வருடம்.
வீடெல்லாம் கருங்கல்,
உரசிப் பார்க்க நல்ல ஊர்.
பழைய புத்தகக் கடையில் ஒவ்வொன்றாய் வாங்கினேன்,
மதியச் சாப்பாட்டை மாலைக்குத் தள்ளி.
இப்போது தரை முழுக்க உரையாசிரியர்கள்,
ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தபடி.

நூலகத்தில் ஒரு பட்டியல் உண்டு.
எந்த ஆகமத்துக்கு எந்த உரை, எத்தனை நட்சத்திரம்.
பட்டியல் போட்டவர்
எதையும் தூக்கிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ரோமருக்கு மட்டும் மூன்று தொகுதி.
நான்கு கிலோ நூறு.
தேர்வுக்கு முந்தின இரவுகளில் என்னைக் கரையேற்றியவர்.
ரும்பியில் எனக்குப் பதினொரு ஜெபவீடுகள், ஒரு சைக்கிள்.
பின்னால் இவரைக் கட்டினால்
நான் இறங்கித் தள்ள வேண்டும்.
இருக்கட்டும், இங்கேயே.

அடுத்தவர், விதைக்கிறவன் உவமைக்குப் பதினாலு பக்கம்:
உழுதபின் விதைத்தானா, விதைத்தபின் உழுதானா.
மண்வெட்டியால் குழி பறித்து
குழிக்கு மூன்று சோளமணி எண்ணிப் போடுகிற பெண்களிடம்
வழியோரம் சிந்தியவன் கதையை
ஒருமுறை சொன்னேன்.
திருமதி ம்கண்டவிரே எழுந்து கேட்டாள்:
“விதைக்குக் காசு கொடுத்தது யார்?”
பதினாலு பக்கத்திலும் அந்தக் கேள்வி இல்லை.

இன்னொன்று, பெரிய பதிப்பகம், பளபளக்கும் அட்டை.
முதுகை வளைத்துப் பார்த்தால் வெறும் பசை.
கரையானுக்கு விருந்து.
நூல் கோத்துத் தைத்தது மட்டும் பெட்டிக்குள் வரலாம்.
இதெல்லாம் இறையியலா என்று பேராசிரியர் கேட்கக்கூடும்.
அவர் அலமாரியை எதுவும் தின்பதில்லை.
எறும்பெழுத்து அடிக்குறிப்புகளும் வேண்டாம்;
என் சூரிய விளக்கு ஒன்பதரைக்குக் கண்ணயரும்.

ஒருவரை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன்.
நான் ஒருநாளும் ஒத்துப்போகாதவர்.
ஓரமெல்லாம் என் பென்சில்: இல்லை, இல்லவே இல்லை.
சனிக்கிழமை இரவில் சண்டை போட
அங்கே வேறு யார் இருக்கிறார்கள்?
உள்ளே போகட்டும். எண்ணூறு கிராம்.

பிறகு சங்கீதங்கள். நான்கு பேர்.

என் பிரசங்கங்களில் பாதி மண்மேட்டருகே நடப்பவை.
நின்றபடி, சுருக்கமாய், மழை பிடிக்குமுன்.
எண்பத்தெட்டாம் சங்கீதத்தில் ஒரு சொல்,
எபிரெய வேதம் முழுவதிலும் அங்கே மட்டும் வருவது.
நால்வரையும் அந்த இடத்தில் திறந்து வைத்தேன்.
ஒருவர் கலக்கம் என்றார்.
ஒருவர், ஓர் எழுத்தை மாற்றினால் சரியாகும் என்றார்.
ஒருவர் அண்டை மொழியில் வேர் தோண்டினார்.
நான்காமவர், மெலிந்த பழுப்பு அட்டை,
மூன்று சொல்லில் முடித்துவிட்டார்:
பொருள் எனக்குத் தெரியவில்லை.

ருவரி எட்டிப் பார்த்தான்.
“இதற்கும் காசு வாங்கினாரா?”

வாங்கியிருப்பார்.
நான் இங்கே வருமுன் ஒரு ஜனவரியில்
கைக்கடக்கமான பெட்டி ஒன்றைக் குழிக்குள் இறக்கியபோது
தகப்பன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு
ஏன் என்றார்.
எழுத்தை மாற்றினேன்.
வேர் தோண்டினேன்.
அவர் கையை எடுத்துக்கொண்டார்.

இந்தப் பழுப்பு அட்டையும் தைத்ததில்லை.
பசைதான்.
கரையானுக்குத் தகர டப்பா தேடிக்கொள்கிறேன்.

“இருபத்திரண்டு, தொள்ளாயிரம்” என்று ருவரி படிக்கிறான்.
ரோமர் மூன்றும் இனி அவன் கணினித் திரையைத் தாங்கும்.
மிச்ச நூறு கிராமுக்கு
தவோங்கா எழுதிக் கேட்ட சோப்பு.
ஓரத்தில் இடமில்லை,
புத்தகங்களுக்கு நடுவே செருகினேன்.
எண்பத்தெட்டாம் சங்கீதம் இனி
லாவெண்டர் மணக்கும்.